கடிகாரமும் வரிசை எண்ணும்: கணிப்பொறிக் கோப்புகளின் மாற்றத்தை அறிந்த வரலாறு

ஏட்டில் எழுதிய ஒன்று பின்னர் மாறிற்றா, மாறாமலே இருக்கின்றதா என்னும் வினா, கணக்கெழுதும் தொழில் தோன்றிய நாள்தொட்டே இருந்துவரும் வினாவாகும். ஏடு காகிதமாய் இருந்தவரை அடித்தலும் திருத்தலும் கண்ணுக்குத் தெரிந்தன. மையின் நிறமே ஒரு சான்றாய் நின்றது. ஏடு கணிப்பொறிக்குள் குடிபுகுந்த பின்னரோ, பழைய எழுத்து இருந்த இடத்திலேயே புதிய எழுத்துத் தடம் தெரியாமல் அமர்ந்துவிடுகிறது. அத்தடத்தைக் காட்டுவதற்கு அறிஞர்கள் முதலில் கடிகாரத்தை நம்பினார்கள். கடிகாரம் பல முறை கைவிட்ட பின்னர் வரிசை எண்ணை நாடினார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நடந்த அம்முயற்சியின் வரலாற்றை, காலனியில் வாழும் நம் குடும்பத்தினர் யாவரும் அறியும்படி எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வே எழுத்தராய்ப் பணிபுரியும் எளியேனுக்கு இத்துறையில் என்ன உரிமை என்று அன்பர்கள் வினவலாம். உரிமை ஒன்றும் இல்லை; பட்ட அனுபவம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் உறுப்பினர் பட்டியலைக் காக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பட்டியல் ஒரு கணிப்பொறியிலும், அதன் நகல் என் வீட்டுக் கணிப்பொறியிலும் இருந்தன. இரண்டில் எது பழையதோ அதன்மேல் புதியதை எழுதிவிடும் செயல்முறை ஒன்றை அமைத்திருந்தேன். முதற் கணிப்பொறியின் கடிகாரத்தை ஓட்டும் சிறிய மின்கலம் செத்துப்போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அதன் நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய் நின்றது. அந்நிலையில், காலனிக்குப் புதிதாய் மாற்றலாகி வந்த பதினொரு குடும்பங்களின் பெயர்களை அதில் ஏற்றினேன். அன்றிரவே நகலெடுக்கும் செயல்முறை, நாளைப் பார்த்து, புதிய பட்டியலைப் பழையதென்று கருதி, அதன்மேல் பழைய பட்டியலை எழுதிவிட்டது. பொங்கல் விழா அழைப்பு அப்பட்டியலைப் பார்த்தே சென்றது.

விழா முடிந்த மறுநாள், கடைத்தெருவில் ஓர் அம்மையார் என்னை நிறுத்தினார். “விழா நடந்ததைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம், அண்ணா. எங்களுக்கு மட்டும் அழைப்பு வரவில்லையே” என்றார். நான் விடை கூற முடியாமல் நின்றேன். பெயரை எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். எழுதியதற்குச் சான்று எங்கும் இல்லை. எண்ணற்ற மனிதர்கள் இதே இடத்தில் நின்றிருக்கிறார்கள் என்பதை, அதன்பின் தேடிப் படித்தபோதுதான் அறிந்தேன்.

எட்மண்ட்சன் கண்ட எண்

கணிப்பொறிக்குச் செல்லுமுன், எங்கள் இரயில்வேயிலிருந்தே தொடங்குகிறேன். இங்கிலாந்தில் இரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் பயணச் சீட்டுகளைக் கையாலேயே எழுதிக் கிழித்துக் கொடுத்தார்கள். எத்தனை சீட்டு விற்றது, பணம் எவ்வளவு சேர்ந்திருக்க வேண்டும் என்பதை உறுதியாய்ச் சொல்ல வழி இல்லை. லங்காஸ்டரில் தச்சுத் தொழில் பயின்ற தாமஸ் எட்மண்ட்சன் என்பவர், 1836 இல் நியூகாசில் கார்லைல் இரயில்வேயில் மில்டன் என்னும் சிறு நிலையத்தின் அதிபராய்ப் பணியேற்றார். அவர் கண்ட வழி எளியது. தடித்த அட்டையில் சீட்டுகளை முன்னதாகவே அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் தொடர்ந்து வரும் எண் ஒன்றைக் கொடுத்தார். விற்கும்போது நாள் பொறிக்கும் இயந்திரத்தில் அட்டையைச் செருகி எடுப்பது வழக்கமாயிற்று. 1839 இல் மான்செஸ்டர் லீட்ஸ் இரயில்வே அவரை அழைத்துக்கொண்டது. பின்னர் அம்முறை உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. நம் நாட்டிலும் கணிப்பொறிச் சீட்டு வரும்வரை பல தலைமுறையினர் அவ்வட்டைச் சீட்டைக் கையில் பிடித்தே பயணம் செய்தனர்.

அச்சீட்டில் இரண்டு குறிகள் இருந்ததை அன்பர்கள் நினைவுகூர வேண்டும். ஒன்று நாள், மற்றொன்று வரிசை எண். நாளைப் பார்த்தால், சீட்டு இன்றையதா நேற்றையதா என்பது விளங்கும். ஆனால் இன்று எத்தனை சீட்டு விற்றது என்பதை நாள் சொல்லாது. காலையில் அடுக்கின் அடியில் நின்ற எண்ணையும் மாலையில் நின்ற எண்ணையும் கழித்துப் பார்த்தால், விற்றது எத்தனை என்பது ஒரு சீட்டும் பிழையாமல் தெரிந்துவிடும். நிலையத்துக் கடிகாரம் நின்றுபோனாலும் எண் நிற்பதில்லை. இவ்விரு குறிகளின் வேற்றுமையே பின்வரும் வரலாறு முழுவதற்கும் சாவி.

யூனிக்ஸ் நம்பிய கடிகாரம்

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு எனப்படும் ஒரு சிறு பதிவு உண்டு. நம் அலுவலகங்களில் கோப்பின் மேலட்டையில் உரிமையாளர், பொருள், நாள் ஆகியவற்றை எழுதிவைப்பது போன்றது அது. கோப்பை யார் திறக்கலாம், வட்டில் அஃது எங்கே கிடக்கிறது, கடைசியாய் எப்போது மாற்றப்பட்டது என்பன அதில் இருக்கும்.

1971 இல் வெளிவந்த முதற் கையேட்டின்படி, யூனிக்ஸ் நேரத்தை ஒரு விநாடியின் அறுபதில் ஒரு பங்காக எண்ணியது. 32 பிட் அளவுள்ள எண்ணில் அப்படி எண்ணினால் ஏறக்குறைய 829 நாட்களில் எண் நிரம்பிவிடும். ஆகவே பின்னர் 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து முழு விநாடிகளை எண்ணும் முறைக்கு மாறினர். நெடுங்காலம் எண்ணலாம் என்னும் நன்மை கிடைத்தது. ஒரு விநாடிக்குள் நடக்கும் இரண்டு மாற்றங்களை வேறுபடுத்தும் ஆற்றல் போயிற்று. அந்நாளில் அது பெருங்குறையாய்த் தோன்றவில்லை. ஒரு விநாடிக்குள் ஒருவர் ஒரே கோப்பை இரண்டு முறை எழுதப் போகிறாரா என்றே எண்ணியிருப்பர்.

அக்கடிகாரத்தை நம்பிப் பெரிய தொழில் நடத்தியது மேக் என்னும் கருவி. 1976 இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதனை எழுதினார். அதற்குக் காரணமாய் அமைந்த நிகழ்ச்சி சுவையானது. அவருடன் பணிபுரிந்த ஸ்டீவ் ஜான்சன், ஒரு நாள் காலைப்பொழுது முழுவதையும் ஒரு பிழையைத் தேடிக் கழித்தார். பிழையை அவர் முன்னரே திருத்திவிட்டிருந்தார். திருத்திய கோப்பை இயந்திர மொழிக்குப் பெயர்க்க மறந்திருந்தார். சரியான நிரலில் இல்லாத குற்றத்தைத் தேடிப் பாதி நாள் வீணாயிற்று. இனி ஒருவருக்கும் இத்துன்பம் நேராதிருக்க, மூலக் கோப்பின் நேரத்தையும் பெயர்ப்புக் கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டு, மூலம் புதியதாயின் மீண்டும் பெயர்க்கும் கருவியை ஃபெல்ட்மன் அமைத்தார். அக்கருவி இன்றும் வழக்கில் உள்ளது. 2003 ஆம் ஆண்டுக்கான ஏ.சி.எம். மென்பொருள் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆயினும் அதன் அறிவு முழுவதும் கடிகாரத்தைச் சார்ந்தது. கடிகாரம் பொய் சொன்னால் மேக்கும் பொய் சொல்லும்.

குறிப்பேடும் பேரேடும்

இதற்கிடையே வேறொரு தொல்லை வளர்ந்துவந்தது. கோப்பு ஒன்றை எழுதும்போது வட்டில் பல இடங்கள் மாறவேண்டும்: கோப்பின் உள்ளடக்கம், ஐநோடு, காலியிடப் பட்டியல் எனப் பலவாகும். பாதி எழுதிய நிலையில் மின்சாரம் நின்றால், ஒன்றுக்கொன்று முரணான கணக்கே எஞ்சும். மீண்டும் இயங்கும்போது வட்டு முழுவதையும் சோதித்துச் சரிபார்க்கும் செயல்முறை ஓடவேண்டும். வட்டுகள் பெருக்கப் பெருக்க அச்சோதனை மணிக்கணக்கில் நீண்டது.

இதற்கு மருந்து வணிகர் கணக்கிலேயே இருந்தது. 1494 இல் வெனிஸ் நகரில் அச்சான தம் நூலில் லூக்கா பாச்சோலி, வெனிஸ் வணிகரின் மூன்று ஏடுகளை விளக்கினார்: நிகழ்ந்ததை அப்படியே எழுதும் சிட்டை, ஒழுங்குபடுத்திய குறிப்பேடு, தலைப்புவாரியாய் எடுத்தெழுதும் பேரேடு. பேரேட்டில் ஏற்றிய பின்னரே குறிப்பேட்டில் கோடிழுத்து அடிப்பர். இடையில் தடைப்பட்டாலும், அடிக்காத வரியைக் கண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊர் மளிகைக் கடைக் கணக்கரும் சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதுவதை நாம் அறிவோம்.

1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் கிரேயும் அவர் தோழர்களும் தரவுத்தளங்களுக்கு இம்முறையை வகுத்தனர். செய்யப்போவதை முதலில் குறிப்பேட்டில் எழுது, முடிவு முத்திரை இடு, பின்னர் உரிய இடத்தில் எழுது என்பதே அதன் சாரம். 1987 இல் சீராக்ஸ் ஆய்வுக்கூடத்தின் சீடர் கோப்பு முறைமையை இவ்வகையில் ராபர்ட் ஹாக்மன் திருத்தி அமைத்தார். 1990 இல் ஐ.பி.எம். தன் ஏ.ஐ.எக்ஸ். முறைமையிலும், 1993 இல் மைக்ரோசாப்ட் தன் விண்டோஸ் என்.டி.யிலும், 1994 இல் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் எக்ஸ்.எப்.எஸ். என்னும் பெயரிலும் குறிப்பேட்டுக் கோப்பு முறைமைகளை வெளியிட்டன. லினக்ஸில் எக்ஸ்ட் 2 என்னும் முறைமைக்குக் குறிப்பேடு சேர்க்கும் திட்டத்தை ஸ்டீபன் ட்வீடி 1998 இல் எடுத்துரைத்தார். அஃது எக்ஸ்ட் 3 என்னும் பெயருடன் 2001 இல் லினக்ஸின் கெர்னலில் இடம்பெற்றது.

குறிப்பேடு வந்தபின், மின்சாரம் நின்றாலும் கணக்கு முரண்படாது. முத்திரை இட்ட வரிகள் மீண்டும் ஏற்றப்படும்; இடாத வரிகள் கைவிடப்படும். ஆனால் இதனை மறவாதிருத்தல் வேண்டும்: குறிப்பேடு வட்டின் ஒழுங்கைக் காக்கும், “நான் முன்பு கண்ட கோப்பு இன்னும் அதே கோப்புத்தானா?” என்று வெளியிலிருந்து கேட்பவருக்கு அது விடை சொல்லாது. அவ்விடைக்கு அப்போதும் கடிகாரமே இருந்தது. எக்ஸ்ட் 3 முறைமையிலும் நேரம் முழு விநாடியாகவே பதிவாயிற்று.

தொலைவில் இருந்து கேட்பவர்

வெளியிலிருந்து கேட்பவர் யார்? 1984 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்.எப்.எஸ். என்னும் முறையை உருவாக்கியது. ஒரு நடுவண் கணிப்பொறியில் கோப்புகள் இருக்கும். பல கிளைக் கணிப்பொறிகள் அவற்றை வலைப்பின்னல் வழியே பயன்படுத்தும். ஒவ்வொரு முறையும் கோப்பு முழுவதையும் கேட்டு வாங்கினால் வேலை நடவாது. ஆகவே கிளை ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, நடுவணிடம் கோப்பின் நேரத்தை மட்டும் அவ்வப்போது கேட்டறியும். நேரம் மாறாதிருந்தால் தன் நகலே போதும் என்று கொள்ளும்.

குறை இங்கேதான் பெரிதாயிற்று. 10 மணி 5 விநாடிக்கு ஒருவர் கோப்பை எழுதுகிறார். அதே விநாடியில் கிளை நகல் எடுக்கிறது. அதே விநாடியில் மற்றொருவர் மீண்டும் எழுதுகிறார். நேரம் 10 மணி 5 விநாடி என்றே நிற்கும். கிளை எத்தனை முறை கேட்டாலும் “மாறவில்லை” என்றே விடை வரும். பழைய நகலை அது நாள் முழுவதும் நம்பிக்கொண்டிருக்கும். பிழை என்று எவரும் அறிவிக்கமாட்டார். அறிவிக்கும் பிழையைத் திருத்தலாம். மௌனமாய் இருக்கும் பிழையை என் செய்வது?

1995 இல் வெளியான என்.எப்.எஸ். மூன்றாம் பதிப்பு நேரத்தை நானோ விநாடி வரை எழுத இடம் கொடுத்தது. எழுத இடம் இருந்தால் மட்டும் போதுமா? லினக்ஸின் கெர்னல், கோப்பில் இடும் நேரத்தை ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு முறையே நகர்த்தியது. அமைப்புக்கேற்ப 10, 4 அல்லது 1 மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு. நிமிடத்துக்கு ஒரு முறை தாவும் முள்ளுடைய நிலையக் கடிகாரத்தில், தாவலுக்கு இடையே வந்துபோன இரண்டு வண்டிகளுக்கும் ஒரே நேரத்தைத்தான் எழுத முடியும். இன்றைய கணிப்பொறி 4 மில்லி விநாடிக்குள் ஒரு கோப்பைப் பல முறை எழுதவல்லது.

எண் அரியணை ஏறியது

2000 ஆம் ஆண்டில் இரண்டு இடங்களில் வரிசை எண் தலையெடுத்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000, தன் என்.டி.எப்.எஸ். முறைமையில் மாற்றக் குறிப்பேடு ஒன்றைச் சேர்த்தது. கோப்புகளில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும், ஏறிக்கொண்டே செல்லும் 64 பிட் எண் ஒன்றுடன் அதில் பதிவாகும். நகலெடுக்கும் செயல்முறை, “சென்ற முறை இந்த எண்வரை பார்த்தேன், அதன்பின் என்ன நடந்தது?” என்று கேட்டால் போதும், வட்டு முழுவதையும் துழாவ வேண்டியதில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் வெளியான என்.எப்.எஸ். நான்காம் பதிப்பின் விதிமுறை, ஒவ்வொரு கோப்புக்கும் 64 பிட் அளவுள்ள மாற்ற எண் கட்டாயம் இருக்கவேண்டும் என்றது. கோப்பு மாறினால் எண் மாறவேண்டும். நேரத்தையே அவ்வெண்ணாகத் தரலாமா? தரலாம், ஆனால் அக்கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள் கோப்பு ஒரு முறைக்கு மேல் மாறவே முடியாது என்னும் உறுதி இருந்தால் மட்டுமே தரலாம் என்று நிபந்தனை விதித்தனர். இந்நிபந்தனை கடிகாரத்தின் குற்றப்பத்திரிகையே எனலாம்.

64 பிட் என்பதன் பெருமையையும் சொல்லவேண்டும். விநாடிக்குப் பத்து லட்சம் முறை ஒரு கோப்பை மாற்றினாலும், அவ்வெண் நிரம்புவதற்கு 5 லட்சத்து 84 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். 829 நாட்களில் நிரம்பிய பழைய எண்ணோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2008 டிசம்பரில் நிலைபெற்ற எக்ஸ்ட் 4 முறைமையின் ஐநோட்டில், நானோ விநாடி நேரத்தோடு இம்மாற்ற எண்ணுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. எண் ஐநோட்டிலேயே இருப்பதால், ஐநோடு குறிப்பேட்டின் வழியே வட்டுக்குச் செல்லும்போது எண்ணும் உடன் செல்லும். எட்மண்ட்சன் அட்டையில் நாளும் எண்ணும் சேர்ந்து நின்றதைப்போல, கோப்பின் மேலட்டையிலும் இரண்டும் சேர்ந்து நின்றன.

இரண்டு இடர்ப்பாடுகள்

இத்துடன் வரலாறு முடிந்திருந்தால் நலம். முடியவில்லை. முதல் இடர்ப்பாடு செலவு. கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் ஏறவேண்டும். எண் ஏறினால் ஐநோடு மாறும். ஐநோடு மாறினால் குறிப்பேட்டில் எழுதவேண்டும். முன்னர் ஒரு துடிப்புக்கு ஒரு முறை எழுதினால் போதுமாயிருந்தது, இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதவேண்டியதாயிற்று. வேலையைவிட வேலையைப் பதிவது பெரிதாகிவிடும் நிலையை, அலுவலகம் செல்வோர் யாவரும் அறிவர். அதனால் எக்ஸ்ட் 4 இல் இவ்வசதி தொடக்கத்தில் விரும்பிக் கேட்டால் மட்டுமே இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் இடர்ப்பாடு நுட்பமானது. கோப்பின் எண் வட்டில் 100 என்று இருக்கின்றது. ஒருவர் கோப்பை மாற்றுகிறார். நினைவகத்தில் எண் 101 ஆகிறது. கிளை ஒன்று கேட்டு, புதிய உள்ளடக்கத்தையும் 101 என்னும் எண்ணையும் வாங்கிக்கொள்கிறது. அம்மாற்றம் குறிப்பேட்டைச் சேருமுன் மின்சாரம் நின்றுவிடுகிறது. மீண்டும் இயங்கும்போது வட்டில் 100 தான் இருக்கும். வேறொருவர் வேறொரு மாற்றம் செய்கிறார். எண் மீண்டும் 101 ஆகிறது. கிளை கேட்கிறது, 101 என்று விடை வருகிறது. “என்னிடமுள்ளதும் 101 தானே” என்று தன் பழைய நகலை நம்பிவிடுகிறது. உள்ளடக்கம் இரண்டு, எண் ஒன்று. குறிப்பேடு தன் கடமையைச் சரியாய்ச் செய்திருந்தும் கேட்டவர் ஏமாந்தார்.

எங்கள் இரயில்வேயில், ஒரு நிலையத்து அதிபரும் மற்றொருவரும் தொலைபேசியில் உறுதி கூறும்போது பிரைவேட் நம்பர் கொடுப்பர். அதற்கென அச்சிட்ட தாளில் உள்ள எண்ணைக் கொடுத்தவுடன் அடித்துவிட வேண்டும். அடித்த எண்ணை அத்தாளிலிருந்து மீண்டும் வழங்கலாகாது. வழங்கிய எண்ணை மறந்துபோய் இன்னொரு காரியத்துக்கும் அதையே வழங்கினால் என்னவாகும் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. ஓர் எண்ணின் மதிப்பு அது பெரிதாய் இருப்பதில் இல்லை. இரண்டு வேறு நிலைகளுக்கு ஒரே எண் வராதிருப்பதில்தான் இருக்கிறது.

2017 இல் லினக்ஸின் என்.எப்.எஸ். பகுதியைக் காத்துவந்த புரூஸ் ஃபீல்ட்ஸ் இதற்கு ஒரு வழி செய்தார். கிளைக்குக் கொடுக்கும் எண்ணில் மாற்ற எண்ணோடு ஐநோடு மாறிய நேரத்தையும் கூட்டிக் கொடுக்கச் செய்தார். மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது காலம் முன்னேறியிருக்கும் அல்லவா? ஆகவே 101 மீண்டும் வந்தாலும் கூட்டுத்தொகை வேறாகும். துடிப்புக்குள் நிகழும் மாற்றத்தை எண் காட்டும். எண் பின்வாங்கினால் நேரம் காக்கும். பகைவராய் நின்ற இருவரும் ஒருவர் குறையை மற்றவர் நிரப்பினர்.

கேட்டவர் உண்டா?

செலவுக்கு மருந்து கண்டவர் ஜெப் லேட்டன். 2018 இல் வெளிவந்த 4.16 ஆம் கெர்னலில் அவர் செய்த மாற்றம், ஓர் எளிய வினாவிலிருந்து பிறந்தது: எண்ணை எவரும் கேட்காதபோது அதனை ஏன் ஏற்றவேண்டும்? அறிவிப்புப் பலகையை ஒருவரும் பார்க்காத வேளையில் மூன்று முறை திருத்தினாலும், பின்னர் வந்து பார்ப்பவருக்கு அஃது ஒரே அறிவிப்புத்தான். ஒருவர் பார்த்துவிட்டுப் போனபின் திருத்தினால்தான், “மாறிவிட்டது” என்று அவருக்குத் தெரியப்படுத்தும் கடமை எழுகிறது. ஆகவே எண்ணின் கடைசிப் பிட்டை ஓர் அடையாளமாக வைத்தார். எவரேனும் எண்ணைக் கேட்டால் அடையாளம் இடப்படும். அடையாளம் இருந்தால் அடுத்த மாற்றத்தில் எண் ஏறும், அடையாளம் நீங்கும். இல்லையேல் எண் அப்படியே இருக்கலாம். கேட்பவருக்கு ஒரு மாற்றமும் தப்பாது. கேளாதபோது வீண் எழுத்தும் இல்லை. செலவு பெரிதும் குறைந்தது. பின்னர் எக்ஸ்ட் 4 இல் இவ்வெண் எப்போதும் இயங்கும்படி ஆயிற்று.

ஆயினும் எல்லா முறைமைகளும் இவ்வழிக்கு வரவில்லை. எக்ஸ்.எப்.எஸ். முறைமையின் எண், கோப்பை வாசித்ததற்கான நேரத்தைக் குறித்தாலும் ஏறிவிடும். எவரோ வாசித்ததற்காகக் கிளைகள் யாவும் நகலைக் கைவிட்டு மீண்டும் வாங்கினால் வலைப்பின்னல் திணறும். ஆகவே லேட்டன் பழைய கடிகாரத்தையே சீர்திருத்த முற்பட்டார். நேரத்தை எவரேனும் கேட்டிருந்தால், அடுத்த மாற்றத்துக்கு மட்டும் துடிப்பு நேரத்தை விடுத்து நுண்ணிய நேரத்தை இடுவது. கேளாவிடில் துடிப்பு நேரமே போதும் என்பது அவர் திட்டம்.

2023 இல் 6.6 ஆம் கெர்னலுக்காக இது சேர்க்கப்பட்டு, அது வெளிவருமுன்னரே திரும்பப் பெறப்பட்டது. காரணம், முதலில் மாறிய கோப்புக்கு நுண்ணிய நேரமும், அதன்பின் மாறிய கோப்புக்குத் துடிப்பு நேரமும் இட்டால், பின்னது முன்னதைவிடப் பழையதாய்த் தோன்றக்கூடும். மேக் போன்ற கருவிகள் அவ்வரிசையையே நம்பி வாழ்பவை. ஒரு குறையைத் தீர்க்கப் புகுந்து, 1976 முதல் இயங்கிவரும் நம்பிக்கையைக் கெடுக்கலாகாது என்று பின்வாங்கினர். பின்வாங்கியதை நான் தோல்வியாகக் கருதவில்லை, பொறுப்பாகவே கருதுகிறேன்.

பின்னர் தளவரம்பு ஒன்றைச் சேர்த்தனர். நுண்ணிய நேரம் ஒன்றை ஒருமுறை வழங்கிவிட்டால், அதன்பின் எந்தக் கோப்புக்கும் அதற்குக் குறைந்த நேரத்தை வழங்கலாகாது என்பதே அவ்வரம்பு. இச்சீர்திருத்தத்துடன் அம்முறை 2025 ஜனவரியில் வெளிவந்த 6.13 ஆம் கெர்னலில் நிலைபெற்றது. எக்ஸ்ட் 4, எக்ஸ்.எப்.எஸ். ஆகிய இரண்டும் அதனை ஏற்றன. கடிகாரத்தை எண்போல நடக்கும்படி பழக்கினார்கள் என்று சுருங்கச் சொல்லலாம்.

முடிவுரை

இவ்வரலாற்றில் நான் கண்ட உண்மை ஒன்றே. நேரம் என்பது எப்போது என்பதைச் சொல்லும்; மாறிற்றா என்பதைச் சொல்ல அது பிறந்ததன்று. மாற்றத்தை அறிய வேண்டுமாயின், ஒருமுறை ஒருவருக்குக் காட்டிய குறி, வேறொரு நிலைக்கு மீண்டும் வராதபடி காக்கப்படவேண்டும். அக்குறி எண்ணாகவும் இருக்கலாம். எண்ணின் ஒழுக்கத்தைக் கற்றுக்கொண்ட நேரமாகவும் இருக்கலாம். எட்மண்ட்சன் அட்டையில் அச்சிட்டதும், இன்றைய அறிஞர்கள் ஐநோட்டில் வைத்ததும் அவ்வொழுக்கமே.

அன்பர்கள் தத்தம் வீட்டுக் கணிப்பொறியில் பிள்ளைகளின் சான்றிதழ்களையும், ஊரிலுள்ள நிலப் பத்திரங்களின் படங்களையும், பெற்றோரின் புகைப்படங்களையும் காத்துவைத்திருப்பீர்கள். நகல் எடுக்கும்போது நாளை மட்டும் பார்த்துப் பழையதை அழிக்காதீர்கள். அடிக்கடி மாறும் கோப்பாயின், பெயருடன் வரிசை எண் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண்ணை ஒன்று கூட்டுங்கள். முந்தைய எண்ணுள்ளதைச் சில காலம் அழியாமல் வையுங்கள். கெர்னல் எழுதும் அறிஞர்கள் நெடுநாள் முயன்று கண்டதன் எளிய வடிவம் இதுவே.

நான் அன்றுமுதல் உறுப்பினர் பட்டியலை அவ்வாறே எண்ணிட்டு வந்தேன். பதினொரு வீடுகளுக்கும் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டு, பெயர்களை மீண்டும் எழுதி வந்தேன். கடைத்தெருவில் என்னை நிறுத்திய அம்மையார், “எழுதிக்கொண்டீர்களா, அண்ணா? இந்த முறை அழியாதல்லவா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஏட்டின் மேலே எழுதியிருந்த எண்ணைக் காட்டினேன். அடுத்த ஆண்டு விழாவில் அக்குடும்பத்துப் பெண்குழந்தைதான் தமிழ் வாழ்த்துப் பாடியது.

வாழ்க தமிழ்! வளர்க நம் காலனிக் குடும்பங்கள்!